குளிர்ந்த கொப்பரை

சூரியகாந்தி எண்ணெய்க்கு வாடையே இல்லை என்பவர்கள், அது ஊறிய கந்தலை ஒரு வாரம் கழித்து முகர்ந்து பார்த்ததில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. அந்தச் சிக்கு வாடை எனக்கு ஆகவே ஆகாது. ஆனாலும் செர்பியாவில் சூரியகாந்தி விளையும் வோய்வோதினாவில் பிறந்து வேதியியல் படித்தவளுக்கு வேறென்ன பிழைப்பு?

எண்ணெயை உடைத்து, பிளாஸ்டிக்குக்கும் மசகுக்கும் வேண்டிய அமிலம் எடுக்கிறோம். முன்பு அதற்கு நச்சு வாயு வேண்டியிருந்தது. என் முறையில் ஒரு வினையூக்கியும் பெராக்சைடும் போதும். மிஞ்சுவது வெறும் தண்ணீர். பசுமை முறை என்று மெச்சினார்கள். உண்மையில், செத்துப்போன வினையூக்கியும் கறுப்புச் சளியாக மிஞ்சியது. அதைக் கால்வாயில் விட்டேன். அந்தக் கருமத்தை வேறெங்கே வைப்பது?

மிலேன்கோ என் உலையைப் பார்த்துக்கொண்டவர். பன்றிக்கொழுப்புப் பொரியலைத் தின்ற கையாலேயே வால்வைத் திருகுவார். பார்த்தாலே குமட்டும். ஒருநாள் செத்த கெண்டைமீனைக் கொண்டுவந்து என் மேசைமேல் போட்டார்.

"கால்வாய் நாறுது, டாக்டரம்மா. வியாழக்கிழமை பெல்கிராட்லேருந்து சோதனை போட வர்ற அதிகாரிங்ககிட்ட நான் வாயை மூடிக்கிட்டு இருக்கமாட்டேன். நீங்களே சொல்லிட்டா மரியாதை."

நல்ல மனிதர். இல்லாவிட்டால் முன்கூட்டியே என்னிடம் சொல்லியிருப்பாரா?

சூடான எண்ணெயில் பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாகத்தான் விடவேண்டும். குளிர்ந்த எண்ணெயில் மொத்தமாகக் கொட்டிச் சூடாக்கினால் உலை வெடிக்கும். ஆனால் எங்கள் ஊரில் பன்றி அடித்தால், கொழுப்பு முழுவதையும் குளிர்ந்த கொப்பரையில் போட்ட பிறகுதான் அடியில் தீ மூட்டுவார்கள். மிலேன்கோவுக்கு அது கைவந்த வேலை.

புதன்கிழமை காலை அவரிடம், "இன்னிக்குப் புது வழி. கொழுப்பு உருக்குற மாதிரிதான், மிலேன்கோ. எல்லாத்தையும் குளிரவே ஊத்திட்டு அப்புறமா சூடேத்துங்க" என்றேன்.

"அட, அப்பவே சொல்லியிருந்தா என் பொண்டாட்டிய வேலைக்கு அனுப்பிட்டு நான் தூங்கியிருப்பேனே" என்று சிரித்தார்.

அலுவலகத்துக்குப் போய்க் காபி போட்டேன். குடித்து முடிப்பதற்குள் சன்னல்கள் நொறுங்கின.

அவரைக் கொன்றது நான்தான். அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். என் முறைமேல் மட்டும் பழி போடாதீர்கள்.

அடக்கத்தன்று அவர் மனைவி தேசாங்கா என்னை ஓரமாக அழைத்துப்போய், "அவரு எதையாவது தப்பாப் பண்ணித் தொலைச்சாரா, டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. அவசரப்பட்டுட்டாரு."

"ஐயோ, உங்க உழைப்பையெல்லாம் பாழாக்கிட்டாரே. அவரை மன்னிச்சிடுங்கம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மன்னித்துவிட்டேன், ஐயா. எனக்கு யார்மேலும் எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது.