'வ' போட்ட வியாழக்கிழமை

— ...முப்பத்தாறாம் வருஷம், ஆவணி மாதம். ராஜபாளையம் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, பிள்ளைகள் நல்வழிச் சங்கம். தலைவர் சுயம்புலிங்கம் அவர்கள் நாற்காலியில். செயலாளர் ஞானதுரையாகிய நான் மேஜைக்கு இடப்பக்கம். இருதயம் என்னும் பையனின் தாயார் சந்தனமேரி, பெஞ்சியில் உட்காரச் சொல்லியும் கதவோரம் நிற்கிறார்...

— நிக்கதையும் எழுதணுமாவே? ஸ்ரீவில்லிபுத்தூர் மாஜிஸ்திரேட் கேட்டது ஒத்தை வரி. என் பஞ்சுக்கடையில எடைக்கல்லு காணாமப் போன வியாழக்கிழமை, இந்தப் பய பள்ளிக்கூடத்துல இருந்தானா, இல்லையா?

— முறைன்னு ஒண்ணு இருக்கே, அண்ணாச்சி.

— ஐயா, இல்லைன்னு எழுதுனா எம் பிள்ளைய என்ன செய்வாக?

— சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பிருவாகம்மா. மூணு வருஷம். இருந்தான்னு எழுதுனா இன்னிக்கு சாயந்தரமே லாக்கப்புல இருந்து விட்டுருவாக.

— மாதாவே! மூணு வருஷமா?

— பின்னே? ஊர் சுத்துத பயலுகளைத் திருத்தத்தானே சங்கமே வச்சோம். பள்ளிக்கூடத்துல இருந்து வாங்கியாந்த ரிஜிஸ்தரைப் பாரும்வே. என்ன போட்டிருக்கு?

— 'வ' போட்டிருக்கு, அண்ணாச்சி.

— வரலை. அம்புட்டுதான். எழுதும்.

— செத்த இருங்க. பழைய வாத்தியார் ஐயாதுரை 'வ' போட்டா, வந்தான். வராதவனுக்குப் புள்ளி. புது வாத்தியார் சோலைராஜ் 'வ' போட்டா, வரவில்லை. வந்தவனுக்குத்தான் புள்ளி.

— அடப் பாவிகளா! அன்னிக்குப் பேர் கூப்பிட்டது யாரு?

— அதான் தெரியலை. அன்னிக்குத்தான் அவர் ஒப்படைச்சு, இவர் ஏத்துக்கிட்டார். அவர் மாத்தலாகி ஆலங்குளம் போயிட்டார். இவர் காய்ச்சல்னு சொந்த ஊருக்குப் போயிட்டார்.

— எண்ணிப் பாரும். எது ஜாஸ்தியோ, அதுதான் வந்தவனுக.

— இருபது 'வ', இருபது புள்ளி. சந்தை நாள் வேற, பாதிப் பயலுக வந்திருக்க மாட்டானுக.

— தலையைச் சுத்துதுவே. 'வ'ன்னா வராததுதான். எழுதி முடியும்!

— அப்படின்னா, அண்ணாச்சி... நம்ம வைகுண்டராஜுக்கும் அன்னிக்கு 'வ'தான்.

— யாரு, எம் மகனுக்கா?

— இருதயத்துக்கு நேர் கீழே.

— என்னவே பேசுதீரு! சங்கத் தலைவன் மகன் மட்டம் போடுவானா? நானே தலை சீவி அனுப்பி வச்சேன்!

— அப்போ 'வ'ன்னா?

— வந்தான்! இதுல உமக்கு என்ன குழப்பம்?

— இருதயமும்?

— ஒரே பக்கத்துல ஒரு எழுத்துக்கு ரெண்டு அர்த்தமா இருக்கும்? அவனும் வந்தான். எழுதித் தொலையும்.

— "மேற்படி வியாழக்கிழமை இருதயம் என்னும் மாணவன் பள்ளியில் ஆஜராகியிருந்தான் என்று இதனால் உறுதி கூறுகிறோம்." கையெழுத்து, அண்ணாச்சி.

— இந்தா. வெரசா அரக்கு முத்திரை வையும், பஸ்ஸுக்காரன் ஆரன் அடிக்கான்.

— ஏ டிரைவர்! ஜன்னல் பக்கம் வாருமய்யா! இதை ஸ்ரீவில்லிபுத்தூர் மாஜிஸ்திரேட் கச்சேரியில குடுத்திரும். அவசரம்!

— கடுதாசி போயிருச்சா, ஐயா?

— பஸ்ஸு முக்கு திரும்பிட்டும்மா. இனி நீ நிம்மதியாப் போ.

— மொதலாளி, அன்னிக்கு ரெண்டு பேருமே பள்ளிக்கூடம் போகல. ஒங்க மகன் சாக்குல சுத்திக் கொண்டாந்து எங்க பயகிட்ட ஒளிச்சு வைக்கச் சொன்ன எடைக்கல்லு எங்க அடுப்படியிலதான் இருக்கு. எடுத்தாரட்டுமா?