சாம்பல் தொட்ட தையல்

மழை வரப்போகிறது என்றால் என் வலது கட்டைவிரலுக்கு முன்னாடியே தெரிந்துவிடும். அடிமூட்டில் வலி பிடித்து முழங்கை வரைக்கும் ஏறும். பிள்ளையார்பாளையத்தில் பாவு பிணைக்கிற பெண்கள் எல்லோருக்கும் இந்த வலி உண்டு. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது, பழைய இழை நுனியையும் புது இழை நுனியையும் சேர்த்து, சாம்பல் தொட்டு, விரலால் முறுக்கிவிட வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது. முடிச்சு போட்டால், இழை நுழைகிற அச்சில் சிக்கும். ஒரு பாவுக்கு ஆயிரக்கணக்கில் இழை. சின்ன வயதில் அந்த வேலையில் உட்கார்ந்தவள் நான். ஸ்டேஷனுக்கு வந்தவளை ஐயா பெஞ்சில் உட்காரச் சொன்னதே பெரிது. நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் நீலாம்பாள். அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போனபோது என் தம்பி வேலாயுதம் இடுப்பில் தூக்குகிற பிள்ளை. வளர்த்தது நான். பெண் கேட்டு வந்தவர்களிடம் தம்பியும் கூட வருவான் என்பேன். காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். மீசை முளைத்ததும் அவன் கப்பற்படைக்குப் போய்விட்டான். திரும்பி வருவான் என்று அவன் தறியைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தேன். எழுபத்து மூன்றாம் வருஷம் சித்திரையில் வந்தான். ஆனால் தறிக்குழியில் இறங்கவில்லை. பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளிக்கூடம் தொடங்கப் போகிறேன் என்றான்.

தெருவே சிரித்தது. "இன்னாபா வேலாயுதம், கப்பல சர்வதீர்த்தக் கொளத்துல உடப் போறியா?" என்று எதிர்வீட்டு முனிசாமி கேட்டான்.

"உனக்கு மட்டும் கொளத்துலயே கத்துத் தர்றேன். மொதல்ல அதுல எறங்கிக் குளிச்சிட்டு வா" என்றான் இவன்.

சதுரங்கப்பட்டினத்துக் கரையில் இடம் பார்த்தான். பக்கத்தில் கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியூர் இன்ஜினீயர்கள் நிறையப் பேர், ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறவர்கள். அவர்கள் வருவார்கள் என்பது அவன் கணக்கு. துறைமுக ஏலத்தில் பழைய படகு ஒன்றை எடுத்து, ஓட்டையை அடைத்து, நீலச் சாயம் அடித்தான். கீற்றுக் கொட்டகை போட்டான். பலகை எழுதினான். கரை மறைகிற தூரம் போய்க் கற்றுக்கொடுத்தால்தான் அது பள்ளிக்கூடம், கரையோரம் சுற்றிக்காட்டினால் ராட்டினம் என்பான்.

பாய் மட்டும்தான் பாக்கி. கித்தான் துணியைச் சுருட்டிக் கொண்டுவந்து என் முன்னால் போட்டான். "நீதான்கா தெச்சித் தரணும். உன் கை மாதிரி எவன் கை வரும்?"

காலையில் பாவு விரித்துக் கஞ்சி பூசுகிற தெருவிலேயே, அந்த வேலை முடிந்த பிறகு பாயை விரித்துத் தைத்தோம். கோணி ஊசி, மெழுகு ஏற்றிய தடித்த நூல். கப்பற்படையில் கற்ற தையலை எனக்குக் காட்டிக்கொடுத்தான். "நூல் தீர்ற எடத்துல முடிச்சு, அதும்மேல இன்னொரு முடிச்சு. நடுத் தையல் பிரிஞ்சா பாய் ரெண்டா பூடும்கா. அப்புறம் காத்து நம்மள இன்னா வேணா பண்ணும்" என்றான். இதை அவன் சொன்னான், நான் கேட்டேன். என் காதில் எந்தக் கோளாறும் இல்லை.

ஓரத் தையல்களுக்கு முடிச்சுத்தான் போட்டேன். காலால் மிதித்து இழுத்துப் பார்த்தான். "இரும்புக்கா" என்றான். நடுத் தையலைத் தொடங்கிய அன்று மத்தியானம், எதிரே உட்கார்ந்து நூலுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டே சொன்னான்: "தறிய முனிசாமிக்கு உட்டுடலாம்னு இருக்கேன். நான் அங்கயே கொட்டாயில தங்கிக்கிறேன். உனக்கு இந்த ஊரு பழகிப்போச்சு, நீ இங்கயே இரு. மாசம் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போறேன்."

நான் சரி என்றேன். உள்ளே போய் அடுப்புச் சாம்பலைக் கொட்டாங்கச்சியில் எடுத்துவந்தேன். எதற்கு என்று கேட்டான். விரல் வழுக்குகிறது என்றேன். நூல் தீர்ந்த இடத்தில் நுனிகளைப் பிரித்து, சாம்பல் தொட்டு, பாவு பிணைக்கிற மாதிரி முறுக்கிவிட்டேன். காய்ந்திருக்கும் வரை அந்த முறுக்கு நிற்கும். நனைந்து இழுபட்டால் நழுவிவிடும். நடுத் தையல் முழுவதும் அப்படித்தான் போட்டேன். அவன் கையால் தடவிப் பார்த்து, "முடிச்சே தெரியலியே, வழவழன்னு இருக்குது" என்று சந்தோஷப்பட்டான். இழுத்துப் பார்க்கவில்லை. அக்கா தைத்ததை எத்தனை தரம் இழுத்துப் பார்ப்பான்?

தொடக்க நாளில், கரையோரத்தில், எல்லோர் முன்னாலும் பாய் கிழியும். சிரிப்பார்கள். இவன் வெட்கப்பட்டு ஊர் திரும்புவான். நான் நினைத்தது இவ்வளவுதான். ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்துத் தொடங்கினான். நானும் பஸ் ஏறிப் போய் மணலில் நின்று பார்த்தேன். காற்று மெதுவாக இருந்தது. பாய் நனையவே இல்லை. படகு அழகாகப் போய்த் திரும்பி வந்தது. இன்ஜினீயர்கள் கைதட்டினார்கள். அன்றைக்கு எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு சொல்லியிருக்கலாம். நாள் நிறைய இருந்தது. புரட்டாசிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை வேலாயுதம் வீட்டுக்கு வந்தான். கூட ஒரு பையனும் வந்தான். பெயர் தர்மன். முசரவாக்கத்துக்காரன். இங்கே காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். அப்பா இல்லை. அம்மா கிருஷ்ணவேணி நிலத்தில் பாடுபட்டுப் படிக்கவைத்தாள். நேவியில் சேர வேண்டும் என்று ஆசை. வேலாயுதம் அவனுக்குச் சம்பளம் வாங்காமல் கற்றுக்கொடுத்தான். இருவருக்கும் வற்றல் குழம்பு வைத்துப் போட்டேன்.

"குழம்புல எங்கம்மாதான் ஃபர்ஸ்ட்டுக்கா. ஆனா நீங்க ரொம்ப கிட்ட வந்துட்டீங்க" என்றான் அந்தப் பையன்.

"சோத்துக்கு வந்த எடத்துல மார்க்கு போடறான் பார்" என்று என் தம்பி அவன் தலையில் தட்டினான்.

மழைக்காலம் பிறப்பதற்குள், வருகிற ஞாயிறு கரை மறைகிற தூரம் போகப்போகிறோம் என்றார்கள். பையன் கிணற்றில் நன்றாக நீந்துவானாம். நான் அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டேன். "ஜாக்கிரதையா போய்ட்டு வாங்கபா" என்றேன். பாய் கிழிந்தால் படகு நின்றுபோகும், மீன்காரர்கள் இழுத்துவருவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாகத்தான் இதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஞாயிறு வடகிழக்கிலிருந்து திடீரென்று காற்று திரும்பியது. அலை ஏறிப் பாயை நனைத்தது. நடுத் தையல் மேலிருந்து கீழ்வரை பூச்சரம் உருவினாற்போல் உருவிக்கொண்டு போனதாம். படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. அதில் மூன்று பேர். வேலாயுதத்தையும் ஒரு இன்ஜினீயரையும் கட்டுமரக்காரர்கள் தூக்கினார்கள். தர்மனின் சட்டையைத்தான் என் தம்பி பிடித்துக்கொண்டிருந்தான். சட்டை மட்டும் கையில் மிஞ்சியது. பையன் பிறகு பிணமாகத்தான் கரை ஒதுங்கினான்.

விசாரணை நடந்தது. கிழிந்த பாயைக் கொண்டுவந்து விரித்தார்கள். ஓரத்தில் முடிச்சு இருக்கிறது, நடுவில் ஏன் இல்லை என்று அதிகாரி கேட்டார். எங்கள் தெருப் பெரியவர் சபாபதி முதலியார்தான் பதில் சொன்னார். "இது எங்க பொம்பளைங்க கைப்பழக்கங்க. நூல் நுனி ரெண்டக் கண்டா கை தானா முறுக்கிடும். பாவம், அதுக்குக் கடலப் பத்தி இன்னா தெரியும்?" எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பிணைக்கிற வீட்டுப் பெண் தவிர வேறு யாருக்கும் வராத தவறு அது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நான் அழுதேன். பொய்யாக அழவில்லை. "எங்கக்காவ ஒண்ணும் கேக்காதீங்க. இழுத்துப் பாக்காதது நான்தான்" என்றான் என் தம்பி.

படகை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். தறிக்குழியில் இறங்கினான். யாரோடும் பேச்சில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டான், சாயங்காலம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. உன் ஆயுசில் நல்ல நாள் எது என்று கேட்டால் அந்த நாட்களைத்தான் சொல்வேன்.

மாசியில் ஒரு நாள் காலையில் பாதி நெய்த சேலையைத் தறியிலேயே விட்டுவிட்டுப் போனான். முசரவாக்கத்தில் கிருஷ்ணவேணியின் நிலத்தில் ஏர் பிடிக்கிறான் என்று ஊரார் சொல்லித் தெரிந்தது. முதல் நாள் அவள் விளக்குமாற்றால் அடித்தாளாம். அவன் நின்று வாங்கிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தானாம். நான் போனபோது வரப்பில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தான். பட்டு நெய்த கை சேற்றில் வெடித்திருந்தது.

"வாம்மா. புள்ள சாப்ட்டு எழுந்துரட்டும், பேசலாம்" என்றாள் கிருஷ்ணவேணி. புள்ள என்று அவள் சொன்னது என் தம்பியை.

"இங்கயே இருந்துடறேன்கா. என்னால அந்தம்மாவுக்கு யாரும் இல்லாம பூட்டாங்க" என்றான்.

"எனக்கு மட்டும் யார்டா இருக்காங்க?"

"உனக்கு வேல இருக்குது, தெரு இருக்குது. மாசம் ஒருக்கா வந்து பாக்கறேன்."

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் நடந்தே ஊர் திரும்பினேன். மூன்று வருஷம் ஆகிறது. இந்தத் தையில் அவள் தன் அண்ணன் மகளை அவனுக்குக் கட்டிவைக்கப் போகிறாளாம். நிலத்தையும் அவன் பெயருக்கு எழுதப் போகிறாளாம். வளர்த்த அக்காவும் வந்து மணைப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று ஆள் விட்டிருந்தாள். அதனால்தான் இன்று வந்தேன்.

அது கைப்பழக்கம் இல்லை ஐயா. எந்த நூலுக்கு முடிச்சு, எந்த நூலுக்கு முறுக்கு என்று என் கைக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். தெரிந்தேதான் அந்தப் பையனுக்குச் சோறு போட்டு அனுப்பினேன். இதை எழுதி என் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். முசரவாக்கத்துக்கு ஆள் அனுப்பி என் தம்பியிடம் சொல்லுங்கள். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை, யாருக்கும் அவன் எதுவும் தர வேண்டியதில்லை, இனி வீட்டுக்கு வந்துவிடலாம். சாவியை அடுத்த வீட்டு அங்கம்மாளிடம் கொடுத்திருக்கிறேன். கிருஷ்ணவேணிக்கு ஒரு பிள்ளை பாக்கி. அதை என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.