மூணு மீட்டர் மேடு

— இடுப்பு விட்டுப்போச்சு டீச்சரம்மா. காலையில இருந்து யார்டுல முப்பது சரக்கு வண்டி கழட்டி உருட்டியாச்சு. குனிஞ்சா நிமிர முடியல. ஸ்தோயன் கதையை இன்னொரு நாள் வச்சுக்கலாம்.

— அவனுக்கு அந்தக் கஷ்டமே இல்ல மேஸ்திரி. முழங்காலுக்குக் கீழ ஒண்ணுமில்ல. குனியவும் வேண்டாம், நிமிரவும் வேண்டாம்.

— வாய் உங்களுக்கு. மேட்டுல இருந்து வண்டி உருண்டு வரும், கீழ இருக்கிறவன் தண்டவாளத்துல இரும்புச் செருப்பை வைக்கணும். சக்கரம் அதுல ஏறி உரசி வேகம் குறையும். இவன் வைக்கல, அந்த இடியில காலு போச்சு. முந்தின நாள் எங்க குடும்பத்துப் புனிதரோட திருநாள் விருந்துல மூக்குமுட்டக் குடிச்சான்.

— ஊத்திக் கொடுத்தது யாரு?

— விருந்துக்கு வந்தவனுக்குத் தண்ணியா கொடுப்பாங்க?

— கொடுத்த கையாலயே கோர்ட்டுல 'குடிகாரன், செருப்பு வைக்கல'ன்னு வாக்குமூலமும் கொடுத்திருக்கீங்க. பென்ஷனை நிறுத்திட்டாங்க. நேத்து அவன் வீட்டுக்குப் போனேன். மூத்திர நாத்தம், போர்வையில ஈ. என் முகத்தைப் பாக்காமச் சொன்னான்: 'ஒரு செருப்பு வச்சேன். காலி வண்டிக்கு ஒண்ணு போதும்.'

— சொல்லுவான்.

— அந்த வண்டியில சாக்பீஸால 'காலி'ன்னு எழுதினது நீங்கதானே?

— லிஸ்ட்டுல காலின்னு இருந்துச்சு, எழுதினேன். ஒவ்வொண்ணுலயும் ஏறி எட்டிப் பாத்தா வேலை நடக்குமா? சூப் ஆறுது, விடுங்க.

— குடிங்க, குடிச்சுக்கிட்டே கேளுங்க. பிரேக் போட்டு நின்ன அறுபது டன் வண்டியை இது இடிச்சுச்சு. ரெண்டும் கோத்துக்கிட்டுப் பன்னெண்டு மீட்டர் போயிருக்கு. தண்டவாளத்துல கீறல் இருக்கு, அளந்தேன். இடிச்சது இருபது டன் காலி வண்டின்னா, அவ்வளவு தூரம் தள்ள நொடிக்குப் பதினேழு மீட்டர் வேகத்துல வந்திருக்கணும்.

— வந்திருக்கும். செருப்பு வைக்கலல்ல.

— அந்த வேகத்துக்குப் பதினஞ்சு மீட்டர் உசரத்துல இருந்து உருளணும். உங்க மேடு எவ்வளவு?

— ...மூணு.

— அப்ப மாதா கோயில் கூரையில இருந்தா உருட்டினீங்க?

— கிண்டல் பண்ணாதீங்க.

— எடையை எண்பது டன்னுன்னு வச்சுப் பாருங்க. அஞ்சரை மீட்டர் வேகமே போதும். காலி வண்டி எண்பது டன் இருக்காது மேஸ்திரி. வாய் வரைக்கும் கரி இருந்திருக்கு.

— வண்டியை அன்னைக்கு மத்தியானமே இழுத்துட்டுப் போயிட்டாங்க. இப்ப யாரு பாத்தா?

— இன்னும் கேளுங்க. மூணு மீட்டர் மேட்டுல தடையில்லாம உருண்டா வேகம் ஏழரைக்கு மேல வரும். வந்ததோ அஞ்சரை. மேடு கொடுத்த சக்தியில பாதியைக் காணோம். சக்தி சும்மா காணாமப் போகாது. எதோ ஒண்ணு தின்னிருக்கு.

— உருள்ற தடை, காத்து...

— அதெல்லாம் கொசுறு. தின்னது செருப்பு. அவன் வச்சிருக்கான். நீங்க எழுதின காலியை நம்பி ஒண்ணே ஒண்ணு வச்சிருக்கான்.

— எனக்கு ரிட்டயராக எட்டு மாசம் இருக்கு டீச்சரம்மா.

— தெரியும். வண்டி நிரம்பியிருந்துச்சுன்னு கோர்ட்டுல சொல்லுங்க.

— மாட்டேன்.

— உங்க மூஞ்சியைப் பாத்தா குமட்டுது.

— குமட்டட்டும். என்னை ஏன் பிடுங்கறீங்க? கோர்ட்டே ஒரு நிபுணரை வச்சு அறிக்கை வாங்கியிருக்கு. இந்தக் கணக்கு அந்த ஆளுக்குத் தெரியாமலா போச்சு?

— தெரிஞ்சுது. அந்த ஆளுக்கும் பதினஞ்சு மீட்டர்னுதான் வந்துச்சு. எங்கயோ பிசகுன்னு அடிச்சுட்டு, 'வேகம் அதிகம், செருப்பு வைக்கப்படவில்லை'ன்னு எழுதிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போயாச்சு.

— பக்கத்துல நின்னு பாத்த மாதிரி சொல்றீங்க.

— அறிக்கையோட கடைசிப் பக்கத்தைப் பிரிச்சிருக்க மாட்டீங்க. பௌதிகம் நடத்தற டீச்சர்னு கோர்ட்டு கூப்பிட்டது என்னைத்தான், அந்தக் கையெழுத்து என்னுது. நீங்க வரலன்னாலும் திங்கக்கிழமை நான் கோர்ட்டுக்குப் போறேன். 'ஸ்தோயன் செருப்பு வச்சான்'னு ஒரு வரி. அவனுக்கு நான் கொடுக்கவேண்டிய கடன் அது, இன்னும் கொடுக்கல.