சாந்தத்தின் சளி

டாக்டர்: மறுபடியும் கேக்கறேன். லேபுக்கு அனுப்பினது குதிரையோட சளிதானே?

டிரெய்னர்: பின்ன? நம்ம சாந்தத்தோடதுதான். ஓடி முடிச்சதும் மூக்கு வழியா ட்யூப் விட்டு, நீங்க சொன்ன மாதிரியே...

டாக்டர்: மூச்சுக்குழாய்ல அழற்சி, கிருமி வேற. அதெல்லாம் சரி. கீழ ஒரு வரி எழுதியிருக்காங்க. காபின்னு.

டிரெய்னர்: ...குடிக்கும் டாக்டர்.

டாக்டர்: யாரு, குதிரையா?

டிரெய்னர்: காலையில மட்டும். அரை டம்ளர்.

டாக்டர்: இருமல் மிட்டாயும் இருக்காம். எலுமிச்சை வாசனை.

டிரெய்னர்: தொண்டை கரகரன்னு இருக்குமேன்னு, பாவம்...

டாக்டர்: மீசை முடி ஒண்ணு. சாயம் பூசினது.

டிரெய்னர்: அது வந்து... இளநரை டாக்டர்.

டாக்டர்: யோவ்!

டிரெய்னர்: ரேஸ் குதிரைன்னா மனசுல கவலை இருக்காதா?

டாக்டர்: விளையாடாதீங்க. ஞாயித்துக்கிழமை ரேஸ். நெஞ்சுல சளியோட ஓட விட்டா, பாதியிலேயே மூச்சுத் திணறி விழும். இல்லாத கிருமிக்கு நான் மருந்து குடுத்தா என் தலை உருளும். சொல்லுங்க, யாரோட சளி?

டிரெய்னர்: லொக்... லொக்...

டாக்டர்: அடப்பாவி மனுஷா!

டிரெய்னர்: அதுக்கும் இருமல், எனக்கும் இருமல். ரெண்டு பேருக்கும் ஒரே லாயம், ஒரே வைக்கோல் தூசி. கிருமியும் ஒண்ணாத்தானே இருக்கும்னு...

டாக்டர்: நீங்க முதல்ல மனுஷ டாக்டரைப் பாருங்க. அதுசரி, குதிரை மூக்குல ட்யூப் விட என்ன கஷ்டம் உங்களுக்கு?

டிரெய்னர்: பக்கத்துல போனாத்தானே விட முடியும்? பேருதான் சாந்தம். போன மாசம் சட்டையைக் கவ்விச்சு. சட்டைக்குள்ள நானும் இருந்தேன்.

டாக்டர்: அப்போ பயிற்சி?

டிரெய்னர்: வேலிக்கு வெளிய நின்னு கை தட்டுவேன். அது இஷ்டப்பட்டா ஓடும்.

டாக்டர்: இருபது வருஷமா குதிரை பழக்கற ஆளு!

டிரெய்னர்: சத்தமா பேசாதீங்க. வீட்டம்மாவுக்கே தெரியாது.

டாக்டர்: கேளுங்க, லாயத்துல எப்படி இருமுது பாருங்க. இன்னிக்கே அதோட சளியை எடுத்தாகணும்.

டிரெய்னர்: அதைத்தான் நானும் சொல்றேன். நீங்களே உள்ள போய் எடுத்துடுங்க. கதவை மட்டும் நான் திறக்கறேன், தூரத்துலேர்ந்து... கயித்தைக் கட்டி இழுத்து...

டாக்டர்: இருங்க, இருங்க...

டிரெய்னர்: டாக்டர்? ஏன் பின்வாங்கறீங்க?

டாக்டர்: நான் உள்ள போற ஆளா இருந்தா, அன்னிக்கு ட்யூபை உங்க கையில எதுக்குங்க குடுத்தேன்?