கைலி சுற்றிய கம்ப்யூட்டர்

திருச்செந்தூர் பஸ் முள்ளக்காட்டைத் தாண்டி உப்பளங்களின் நடுவே போய்க்கொண்டிருந்தது. சாயங்கால வெயிலில் உப்புக் குவியல்கள் மேகங்களாக மிதந்தன. எனக்குக் கண் சொக்கும் நேரத்தில் முன் சீட்டில் ஒரு பெண் சொன்னாள்:

"நம்ம வீட்டு கம்ப்யூட்டர் முன்ன மாதிரி நட்சத்திரம் தேட மாட்டேங்கு."

தூக்கம் போய்விட்டது.

பக்கத்திலிருந்தவள் அவளுடைய நாத்தனார். "அண்ணன் கப்பலுக்குப் போகும்போது லினக்ஸும் நட்சத்திரம் தேடுத புரோகிராமும் போட்டுட்டுப் போனாம்லா, அதா மைனி?"

"அதேதான். உலகத்துல எத்தனையோ வீட்டு கம்ப்யூட்டரு சேந்து தேடுதாம். நம்மது மட்டும் ஊந்துக்கிட்டுக் கெடக்குன்னு உங்க அண்ணன் கப்பல்ல இருந்தே பாத்துச் சொல்லுதாவ."

"வேற ஏதும் புரோகிராம் ஓடுதா?"

"அவிய சொன்னபடி கமாண்ட் போட்டுப் பாத்துட்டேன். ஒண்ணும் ஓடல."

"சூடு?"

"தொட்டாச் சுடுது. உப்புக்காத்துல துரு ஏறிரக் கூடாதுன்னு அவிய கைலியப் போட்டு இறுக்கிச் சுத்தியிருக்கேன்."

நாத்தனார் சிரித்துவிட்டாள். "பொறவு காத்து எப்படிப் போவும்? சூடு ஏறுனா அதுவே வேகத்தக் கொறச்சிக்கிடும் மைனி. வீட்டுக்குப் போனதும் கைலிய உருவிருங்க."

மைனி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள். உப்பு மெல்லச் சிவந்துகொண்டிருந்தது.

"ஏளா, அது நல்லா ஓடும்போது உங்க அண்ணன் வாரத்துக்கு ஒரு தடவதான் பேசுவாவ. இப்பம் தெனமும் கூப்பிட்டு, சூடு கொறஞ்சிருக்கா, நீ சாப்பிட்டியான்னு கேக்காவ."

நாத்தனார் திரும்பி மைனியின் முகத்தைப் பார்த்தாள். மைனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கைலி கெடந்துட்டுப் போவட்டும். அண்ணன்கிட்ட வாயத் தொறந்துராத, என்ன?"