பட்டாணியின் டப்பா

குழந்தைகளுக்குக் கொண்டை போடுவதற்கு முன் தலையில் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டும். காய்ந்த முடியை இழுத்துக் கட்டினால் மேடையில் ரெண்டு சுற்று சுற்றுவதற்குள் அவிழ்ந்துவிடும், பிள்ளைக்கும் வலிக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எங்கள் நடனப் பள்ளியின் பின்னறையில், பிள்ளைகளை ஒவ்வொருவராக முன்னால் உட்காரவைத்து நானே கற்றுக்கொண்டது. சட்டையின் ஓரத்தில் எப்போதும் ஒரு வரிசை ஊக்கு குத்தியிருப்பேன். யாருக்கு எது கிழிந்தாலும், எது தொங்கினாலும் என்னிடம்தான் ஓடிவருவார்கள். அதனால் எனக்கு ஊக்கு அத்தை என்று பெயர். பிள்ளைகளைப் பார்த்துப் பெற்றவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். சம்பளம் கிடையாது. என் மகள் அங்கே ஆடுகிறாள், அவ்வளவுதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பள்ளியில் ஒரு பிள்ளைக்குக்கூட நான் கெட்டது நினைத்ததில்லை. நீங்கள் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். விசாரிப்பதுதானே உங்கள் வேலை. நான் அழுவதற்காக இந்த ஸ்டேஷனுக்கு வரவில்லை. நேற்று என் மகள் உங்களிடம் ஒன்று சொல்லியிருக்கிறாள், அது பொய். அந்தப் பொய்யை அழிப்பதற்காக வந்திருக்கிறேன்.

என் மகள் காற்றில் வளர்ந்த செடி இல்லை. ஒவ்வொரு அசைவும் நான் பக்கத்தில் இருந்து வளர்த்தது. விடியும்போதே எழுப்பிவிடுவேன். ஒரு காலை நாற்காலியிலும் இன்னொரு காலைத் தரையிலும் நீட்டி உட்காரச் சொல்வேன். முட்டி மடங்கினால் அதன்மேல் நான் உட்கார்ந்துகொள்வேன். எனக்கு ஒன்றும் பெரிய எடை இல்லை. ஆரம்பத்தில் "வலிக்குதும்மா" என்பாள். "வலிச்சா சிரி" என்பேன். இதைக் கேட்டு நீங்கள் புருவத்தைத் தூக்கவேண்டாம். மேடையில் ஆடுகிறவர்களுக்கு இதுதான் முதல் பாடம். மூச்சு முட்டலாம், கால் நகம் பெயரலாம், முகத்தில் மட்டும் காட்டக்கூடாது. நாளடைவில் அவள் வலிக்கிறது என்று சொல்வதை விட்டுவிட்டாள். சிரிப்பாள். சிரிப்பைப் பார்த்துத்தான் எவ்வளவு வலிக்கிறது என்று நான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பல்லைத் துலக்கும்போதுகூடக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துப் பழகிய பிள்ளை அவள்.

பட்டாணி என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் அந்தச் சின்னவள் வேறு ரகம். ஆள் குள்ளம், கன்னம் உருண்டை, அதனால் அந்தப் பெயர். அப்பா பஸ் ஓட்டுகிறார். அம்மா அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டாள். அம்மா இல்லாத பிள்ளை என்று எல்லோரும் உருகுவார்கள். அம்மா இருக்கிற பிள்ளை படுகிற பாடு ஒருவர் கண்ணுக்கும் தெரியாது.

பட்டாணி வகுப்புக்குத் தாமதமாகத்தான் வருவாள். வாயைச் சுற்றி பிஸ்கட் தூள் ஒட்டியிருக்கும். பாதியில் அடவு மறந்துபோகும். மறந்த இடத்தில் தானாக எதையாவது செய்து, அதற்குத் தானே சிரித்துக்கொண்டு, பாட்டோடு போய்ச் சேர்ந்துவிடுவாள். தாவினால் ஒரு நொடி மேலேயே நின்று யோசித்துவிட்டுக் கீழே வருவது போல் இருக்கும். நடுவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். நான் பின்னறையில் பொத்தான் தைத்துக்கொண்டே அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். என் மகள் ஆடும்போது அவர்கள் பேனாவைக் கீழே வைத்ததே இல்லை.

மண்டலப் போட்டியில் இருந்து இறுதிப் போட்டிக்கு ஒரு பள்ளிக்கு ஒரு பிள்ளைதான் தனி ஆட்டத்துக்குப் போகலாம். அது போட்டியின் விதி. எங்கள் பள்ளியில் என் மகளும் பட்டாணியும். இதைப் பற்றி டீச்சரிடம் பேசினேன். டீச்சர் நல்ல பெண், கொஞ்சம் வெகுளி. "என்னக்கா பண்றது, அவளுக்கு அது தானா வருது" என்றாள். என் தோளைத் தட்டியும் கொடுத்தாள்.

தானாக வருவது சளியும் காய்ச்சலும். ஆட்டம் தானாக வரக்கூடாது. அப்படி வந்தால், விடியும் முன்னே எழுந்தவளுக்கு என்ன மரியாதை. இந்தக் கேள்வியை நான் இன்றைக்கும் கேட்பேன், நீங்கள் என்னை எங்கே கொண்டுபோய் உட்காரவைத்தாலும் கேட்பேன்.

ரோசின் என்று ஒரு தூள் உண்டு. மரப்பிசினைக் காயவைத்துப் பொடித்தது. மேடைக்குப் போகும் முன் ஷூவின் அடியில் பூசிக்கொண்டால் தரை வழுக்காது. எங்கள் பள்ளியில் ஆளுக்கொரு சின்னத் தகர டப்பா. மூடியில் அவரவர் செல்லப்பெயரை எழுதியது நான், டப்பா காலியானால் நிரப்புவதும் நான். பட்டாணியின் மூடியில் பச்சை வண்ணத்தில் ஒரு உருண்டைகூட வரைந்துகொடுத்திருந்தேன். அதைப் பார்த்து அந்தக் குழந்தை குதித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

போட்டிக்கு முந்தைய நாள் அந்த டப்பாவில் இருந்த ரோசினைக் கொட்டிவிட்டு முகப்பவுடர் நிரப்பினேன். பவுடரில் மெழுகும் கொஞ்சம் துருவிப் போட்டேன். வாசனை இல்லாத பவுடராகப் பார்த்து வாங்கினேன். கடைக்காரர் காரணம் கேட்டபோது, பிள்ளைகளுக்கு அலர்ஜி வந்துவிடும் என்று சொன்னேன். நிறம் கொஞ்சம் வெளுப்பு, ஆனால் மேடைக்குப் பக்கவாட்டில் இருக்கும் இருட்டில் யாரும் பார்க்கப்போவதில்லை.

சறுக்கினால் மதிப்பெண் குறையும், எழுந்து ஆடிவிடுவாள், சின்ன உடம்பு, பந்து மாதிரி எழுந்துகொள்ளும் என்றுதான் நினைத்தேன். இப்படித்தான் நினைத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் எப்படியும் கேட்பீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பின்னறைத் தரையில் அதை என் செருப்பில் பூசி நடந்து பார்த்தேன். வெறும் நடைக்கே கால் போய்விட்டது, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தாவி இறங்குகிற காலுக்கு என்ன ஆகும் என்று தெரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை. சரியாக இருக்கிறது என்று மூடியை அழுத்தி மூடினேன்.

மறுநாள் காலை பட்டாணிக்கு நான்தான் கொண்டை போட்டுவிட்டேன். "அத்தை, இன்னைக்கு நல்லா இறுக்கிக் கட்டுங்க. போன தடவ அவுந்து மூஞ்சில விழுந்துடுச்சு" என்றாள். தண்ணீர் தெளித்து, படிய வாரி, ஊசிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் குத்தி, இறுக்கிக் கட்டினேன். நான் போட்ட கொண்டைகளிலேயே அதுதான் சிறந்தது. அவளுடைய அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க இல்லன்னா இவ தலைய யாருக்கா பாக்கறது" என்றார். "நம்ம புள்ளதானே" என்றேன். அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன்.

வழக்கமாக நான் முன்வரிசையில், நடுவில் உட்காருவேன். என் மகள் ஆடிக்கொண்டே என்னைப் பார்ப்பாள். சிரிப்பு கொஞ்சம் வாடினால் நான் உதட்டோரத்தைத் தொட்டுக் காட்டுவேன், உடனே சரிசெய்துகொள்வாள். அன்றைக்கு மட்டும் மேடையின் ஓரத்தில், திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். பட்டாணி விழுந்தால் யாராவது உடனே ஓடிப்போய்த் தூக்க வேண்டாமா. அம்மா இல்லாத பிள்ளை. அவளுடைய அப்பாவும் தண்ணீர் பாட்டிலோடு என் பக்கத்தில்தான் நின்றார்.

என் மகள் முதலில், பட்டாணி அடுத்து. எனக்கு முன்னால் இரண்டு பேரும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பட்டாணி என் மகளின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தன் டப்பாவைத் திறந்து, விரலால் எடுத்து, என் மகளின் ஷூவில் பூசினாள். குதிகால், விரல்கள், நடு என்று ஒரு இடம் விடாமல் பூசினாள். பிறகு என் மகள் தன் டப்பாவைத் திறந்து பட்டாணிக்குப் பூசிவிட்டாள். கைகள் பழகிப்போன வேலை அது. அதற்குள் என் மகளின் பெயரை அழைத்துவிட்டார்கள்.

பிறகு டீச்சர் சொன்னாள். "அவங்க எப்பவும் அப்படித்தான்க்கா. ஒருத்தி டப்பாவுல இருந்து இன்னொருத்திக்கு. உங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு உங்க பொண்ணு சொல்லுவா." முன்வரிசையில் இருந்து பார்த்தால் இதெல்லாம் தெரியாது. வீட்டில் பட்டாணியின் பேச்சை எடுத்தால் நான் ஒருமாதிரி ஆகிவிடுவேன் என்று மகளுக்குத் தெரியும். அதனால் சிநேகத்தை என்னிடம் இருந்து ஒளித்துவைத்திருக்கிறாள். அம்மாவிடம் மறைத்தால் இப்படித்தான் ஆகும்.

முதல் தாவலில் என் மகள் நன்றாகத்தான் மேலே போனாள். இறங்கும்போது இடது கால் வெளியே ஓடிவிட்டது, முட்டி உள்பக்கமாக மடங்கியது. சத்தம் எங்களுக்குக் கேட்டது. கூட்டத்துக்குக் கேட்கவில்லை, பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தரையில் கிடந்தபடி அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கையை வேறு மேலே நீட்டினாள். ஆட்டத்தில் ஒரு புது அடவு என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். நடுவர்களில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார். டீச்சரும் தட்டினாள், பஸ் ஓட்டுகிறவரும் தட்டினார். நானும் இரண்டு தட்டு தட்டினேன் என்று நினைக்கிறேன். பட்டாணி மட்டும் மேடைக்கு ஓடினாள். அந்தக் காலைத் திரும்பவும் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அலறினாள். அப்புறம்தான் பாட்டை நிறுத்தினார்கள்.

மகள் இனி ஆடமாட்டாள். ஊன்றுகோல் இல்லாமல் நடப்பாளா என்பதை அடுத்த அறுவைக்குப் பிறகு சொல்வார்களாம்.

பட்டாணியின் டப்பாவைத் திறந்து பார்த்தவர்கள் என்ன பேசினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பொறாமை என்றார்கள், இந்த வயதிலேயே இப்படியா என்றார்கள். அவளைப் பள்ளியில் இருந்து நிறுத்திவிட்டார்கள். அந்தப் பிள்ளையும், தான்தான் ஏதோ செய்துவிட்டோம் என்று நம்பிவிட்டது போலிருக்கிறது, யாரோடும் பேசுவதில்லையாம். தலையைத் தொடவிடுவதில்லை என்று அவள் அப்பா முடியை ஒட்ட வெட்டிவிட்டாராம். நான் யாரையும் குறை சொல்லவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம், "சின்னப் புள்ள, தெரியாம பண்ணிட்டா, நாங்க மன்னிச்சுட்டோம்" என்றுதான் சொன்னேன். என் பெருந்தன்மையைப் பார்த்து டீச்சர் அழுதாள்.

இரண்டு நாளுக்கு முன் ஆஸ்பத்திரியில் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். "அன்னைக்கு ஏம்மா நீ முன்னாடி உக்காரல?" என்று கேட்டாள். "பக்கத்துல நின்னு பாக்கலாம்னுதான்டி" என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நேற்று உங்களைக் கூப்பிட்டு, பட்டாணியின் டப்பாவில் பவுடரைப் போட்டது தான்தான் என்றும், தோழியைத் தோற்கடிக்கப் பார்த்ததாகவும் சொல்லியிருக்கிறாள். தன் ஷூவிலேயே அதைப் பூசிக்கொள்ளக் காலை நீட்டியது ஏன் என்று நீங்கள் கேட்டதற்குச் சிரித்தாளாம். அந்தப் பட்டாணியைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறாள். வேறு யாரைக் காப்பாற்ற அவள் பொய் சொல்லப்போகிறாள்.

அதை நான் விடமாட்டேன். என் மகள் குறுக்கு வழியில் போனவள் என்று ஒருத்தரும் பேசக்கூடாது. அவள் நேர்மையாக உழைத்தவள். பவுடரை நிரப்பியது நான். வருத்தப்படுகிறாயா என்று நீங்கள் கேட்டால், கை மாறிப்போனதற்கு வருத்தப்படுகிறேன். மற்றபடி அந்த அரங்கத்தில் இருந்த ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டிருந்ததைத்தான் நான் முழுதாகச் செய்தேன். விழுந்து கிடந்த பிள்ளைக்குக் கைதட்டியவர்கள் என்னை முறைக்க வேண்டியதில்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முன், சொன்னதில் ஓர் இடத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். அதற்குள் பெயரை அழைத்துவிட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா. அழைக்கவில்லை. முந்தைய பிள்ளை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஷூவைக் கழற்று என்று சொல்ல எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பஸ் ஓட்டுகிறவர் பக்கத்திலேயே நின்றார். என் மகள் நன்றாகப் பயிற்சி எடுத்தவள், சமாளித்துக்கொள்வாள் என்று முடிவு செய்தேன்.

அவளைக் கூப்பிட்டேன். எழுந்து வந்தாள். கொண்டையில் ஒரு ஊசி தளர்ந்திருந்தது, அதை அழுத்திக் குத்தினேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். சிரி என்றேன்.

சிரித்தாள். சொன்னதைக் கேட்கிற பிள்ளை.