குணத்துக்கு நோயென்று பேர் வைக்காதவர்

பொகவந்தலாவை மலைமேட்டிலே, மருந்தறிந்து மனமும் அறிந்து, பனியிலும் பாதி உறக்கத்திலும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாய் ஏறி இறங்கி எங்கள் மக்களைக் காத்து, இன்று ஓய்வு கொள்ளும் டிஸ்பென்சர் சவரிமுத்து ஐயா அவர்களே!

சொல்லப்போவதைச் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறோமா என்பதில் எங்களுக்கே ஐயம் உண்டு. அது நாற்பத்தொன்பதா ஐம்பதா என்று கூட ஒருமனப்பட முடியவில்லை. குடியுரிமைச் சட்டம் வந்து, எங்களை இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கடைவீதியெங்கும் கப்பல் பேச்சாயிருந்த காலம் என்பது மட்டும் உறுதி. பிழையிருப்பின் பொறுத்தருள்க!

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் சோலைமலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டில் தம் பேரைக் கூப்பிட்டால் பதில் சொல்லாமல் நிற்கத் தொடங்கினார். வெட்டுக்கத்தியோடு கல்லாய் நிற்பவரைக் கண்டு மற்றவர்கள் விலகினார்கள். "இது முத்திப்போன பைத்தியம்" என்றார் கங்காணி ஆண்டியப்பன். கொழும்புப் பைத்திய ஆசுபத்திரிக்கு அனுப்பத் துண்டு எழுதும்படி பெரிய துரை தங்களிடம் சொன்னார். எழுதினால் மறுநாளே லொறி வரும், வேலையும் போகும், தாய் பேச்சியம்மாவுக்கு லயத்து அறையும் போகும்.

மனிதக் குணங்களை வகை பிரிக்கும் நூல்களைத் தேடித்தேடிப் படித்தவரே! ஒதுங்கி வாழ்பவர், எவரையும் நம்பாதவர், முன்கோபி என்று வகை சொல்வீர்கள். ஆனால் வகை சொன்னதும் நோய் சொன்னதாகாது என்பீர்கள். குணமென்றால் இளமை முதல் இருக்கவேண்டும், போகுமிடமெல்லாம் கூடவரவேண்டும். அதனால் அவருக்கோ அடுத்தவருக்கோ வாழ்க்கை முறிந்தால்தான் அதற்கு நோயென்று பேர் என்பது தங்கள் வாக்கு. எனவே துண்டு எழுதாமல் லயத்துக்குப் போனீர்கள்.

"எப்பயிருந்தும்மா இப்படிப் பேசாம இருக்கான்?"

"பொறந்ததுலயிருந்தே ஊமச்சாமிதாங்க ஐயா. இவன்கிட்ட ஒரு வார்த்தை வாங்குறதுக்குள்ள ஒல ரெண்டு தடவ கொதிச்சிரும்."

"பெரட்டுல முன்னாடி பதில் சொல்லுவானா?"

"அது ஒண்ணுதானுங்களே அவன் பேசுற பேச்சு! தைக்கு அப்புறந்தான் நிறுத்திட்டான்."

மௌனம் பழையது, பதில் சொல்லாமை புதியது. வீட்டில் தாய் பேர்சொல்லி அழைத்தால் சோற்றுக்கு வருகிறார். பெரட்டில் மட்டும் இல்லை. அப்படியானால் இது குணமன்று என்று கண்டுகொண்டு, கவ்வாத்து மலைக்கு ஏறி, அவர் பக்கத்தில் கல்லின்மேல் அமர்ந்தீர்கள். ஒன்றும் கேட்கவில்லை. மேகம் வந்து மலையை மூடி விலகியது. பிறகு அவரே பேசினார்:

"பேருக்குப் பதில் சொன்னா கப்பல்ல ஏத்திருவாங்களாமே ஐயா. ஆத்தாள யாரு பாக்குறது?"

தாங்கள் பொய்யாகத் தேற்றவில்லை. "கப்பல் சங்கதி எனக்குத் தெரியாதுப்பா. பெரட்டுல கூப்பிடுறது வேலைக்கு. அது மட்டும் தெரியும். நாளைக்கு நானே வந்து நிக்கிறேன்."

அன்று மாலை துரையிடம், "பயம் இருக்கிறது, பைத்தியம் இல்லை, துண்டு எழுத மாட்டேன்" என்றீர்கள். கத்தியால் எவரையாவது வெட்டிவிட்டால் தங்கள் வேலை போகும் என்றார் துரை. போகட்டும் என்றீர்கள்.

மறுநாள் பெரட்டில், "ஊமைக்குத் தொணைக்கு டாக்டரய்யாவா? இனி மாட்டுக்கும் வந்து நிப்பீங்களா?" என்று கங்காணி சிரித்தார். கூப்பிடும்படி கையசைத்தீர்கள். சோலைமலை பேர் ஒலித்தது. அவர் தங்களைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். கங்காணி இரண்டாம் முறை வாயெடுக்குமுன், "ஐயா" என்றார் சோலைமலை.

எத்தனை காய்ச்சல், எத்தனை பேறு, எத்தனை பாம்புக்கடி! அவை யாவற்றுக்கும் நன்றியுடையோம். எனினும் தங்களை நினைக்கையில் நாங்கள் முதலில் நினைப்பது, தாங்கள் எழுதாமல் விட்ட அந்தத் துண்டைத்தான். தங்கள் வாழ்நாள் நீள்க! நடை தளராதிருக்க! கண்ணொளி குன்றாதிருக்க!

துரை சீமைக்குத் திரும்பிவிட்டார். ஆண்டியப்பன் கங்காணி டயகமப் பக்கம் மகனோடு இருக்கிறார். பேச்சியம்மா சென்ற மாரியில் தம் லயத்து அறையிலேயே, மகன் அருகிருக்கக் கண் மூடினார். சோலைமலை மேல் மலையில் வெட்டுகிறார். இன்று இங்கே வரவில்லை. தாங்கள் ஹட்டனில் மகள் டோரீன் வீட்டுக்குப் போகிறீர்கள். தங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை.

இங்ஙனம்,
தோட்ட மருந்தகத்தாரும் பணிமனை, ஆலை ஊழியரும்
1965